சாவியை நுழைத்ததும் சிறுநீர் கசிவது ஏன்?

பெரம்பூர் வாசகி ஒருவர், பேருந்தில் ஒரு மணி நேரம் தொல்லையின்றி வந்தும், வீட்டுப் பூட்டில் சாவியை நுழைத்ததும் கழிவறைக்குப் போவதற்குள் சிறுநீர் கசிந்துவிடுகிறது, இது வயதின் கோளாறா என்று கேட்டிருந்தார். இருமும்போதும் தும்மும்போதும் கசிவது வேறு வகை. பிரசவத்தாலோ மாதவிடாய் நின்ற பிறகோ இடுப்பின் அடித்தளத் தசைகள் தளர்வதால் அது வருகிறது. இவருடையது அவசர உணர்வோடு வரும் கசிவு.

சிறுநீர்ப்பை நிரம்பும்போது அதன் சுவர்த்தசை தளர்ந்து இடங்கொடுக்கிறது. ஏறக்குறைய 400 முதல் 500 மில்லி வரை தாங்கும். வெளியேற்றும் கட்டளை மூளைத்தண்டிலிருந்து வருகிறது என்பதை 1925இல் பாரிங்டன் என்ற ஆய்வாளர் பூனைகளிடம் செய்த ஆய்வில் காட்டினார். அந்தக் கட்டளைக்கு அனுமதி தருவது, இடமும் நேரமும் தக்கவைதானா என்று பார்க்கும் முன்மூளை. சாவியும் குழாய்ச் சத்தமும் 'கழிவறை அருகில்தான்' என்று நாள்தோறும் பழக்கிய அடையாளங்கள் என்பதால், முன்மூளையின் பிடி முன்கூட்டியே தளர, பை சுருங்கத் தொடங்கிவிடுகிறது.

இந்த ஏற்பாட்டில் என்னை மிகவும் வியக்க வைப்பது ஒன்று உண்டு. அடித்தளத் தசைகளை நாம் இறுக்கும்போது சிறுநீர்க்குழாய் மூடிக்கொள்வதோடு நின்றுவிடுவதில்லை. அங்கிருந்து தண்டுவடத்துக்குச் செல்லும் நரம்புச் செய்தி, பையைச் சுருக்கும் நரம்புகளையே அடக்கிவிடுகிறது. நம் விருப்பத்துக்குக் கட்டுப்படாத ஒரு தசையை, கட்டுப்படும் இன்னொரு தசையின் வழியாக அமைதிப்படுத்த முடிகிறது! ஆகவே அவசரம் வந்ததும் ஓடக்கூடாது. நின்ற இடத்திலேயே நின்று, காற்றுப் பிரிவதை அடக்குவதுபோல ஐந்தாறு முறை விரைவாக இறுக்கித் தளர்த்தினால், உச்சத்துக்கு ஏறிய உணர்வு தணியும். அதன்பிறகு நிதானமாக நடக்கலாம்.

இத்தசைகளுக்கான பயிற்சியை 1948இல் கெகல் என்ற அமெரிக்க மகளிர் நோயியல் மருத்துவர் விளக்கினார். ஒரு வேளைக்கு எட்டு முறையாவது இறுக்கிச் சில நொடிகள் நிறுத்தித் தளர்த்துவதை, நாளுக்கு மூன்று வேளை, மூன்று மாதங்களாவது செய்ய வேண்டும். கூடவே, கழிவறைக்குப் போகும் இடைவெளியைச் சிறிது சிறிதாக நீட்டிக்கொண்டு போனால் பையும் பழகிக்கொள்ளும்.

காபியையும் தேநீரையும் குறைக்கலாம். தண்ணீரைக் குறைக்கக்கூடாது, ஏனெனில் அடர்ந்த சிறுநீர் பையை எரிச்சலூட்டும், மலச்சிக்கலும் சேர்ந்துகொள்ளும். வெளியே சுத்தமான கழிவறை கிடைக்காது என்பதற்காகவே சென்னையின் கொளுத்தும் வெயிலில் காலை முதல் மாலை வரை தண்ணீர் குடிக்காமல் வேலை பார்க்கும் பெண்கள் பலர். பேருந்து நிறுத்தங்களுக்கு அருகில் நல்ல கழிவறைகளுக்கும், அரசு மருத்துவமனைகளில் இப்பயிற்சியைச் சொல்லித்தரும் பிசியோதெரபிஸ்டுகளுக்கும் பொதுப்பணத்தைச் செலவிடுவது மருத்துவச் செலவாகவே கருதப்பட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. 'உடம்புச் சூடு', 'வயதானால் அப்படித்தான்' என்று வீட்டில் சொல்லப்படும் விளக்கங்கள் பரிசோதனையைத் தள்ளிப்போட வைப்பதும் எனக்கு வருத்தமளிக்கிறது.

கட்டுப்படாத சர்க்கரை நோயும், இரத்த அழுத்தத்துக்குத் தரப்படும் சில மாத்திரைகளும், சிறுநீர்த் தொற்றும் கசிவை உண்டாக்கும் என்பதால், சிறுநீர், இரத்தச் சர்க்கரைப் பரிசோதனைகள் முதலில் தேவை. வயதான ஆண்களுக்குச் சொட்டுச் சொட்டாகக் கசிந்தால், புராஸ்டேட் வீக்கத்தால் பை காலியாகாமல் வழிகிறதா என்று ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும். சிறுநீரில் இரத்தம் தெரிந்தால் மருத்துவரிடம் காட்டத் தாமதிக்கக் கூடாது. திடீர்க் கசிவோடு கால்கள் வலுவிழந்தாலோ பிறப்புறுப்பைச் சுற்றி மரத்துப்போனாலோ அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.