புதுக் கணினியில் முதல் கணக்கு யார் பெயரில்?

புது லேப்டாப் வாங்குவதற்கு முன் என்னிடம் வந்து கேட்பவர்கள் பெரும்பாலும் பிராண்டையும் விலையையும் பற்றித்தான் பேசுவார்கள். உள்ளே ஓடப்போகும் இயங்குதளம் எது (விண்டோஸா, மேக்கா, லினக்ஸா), அதை முதன்முதலாக யார் திறந்து அமைக்கப் போகிறார் என்று கேட்பவர் அபூர்வம். பினாங்கில் கணினி பழுதுபார்ப்பதுதான் என் தொழில். புதுக் கணினிகள் கெட்டுப்போய் என் மேசைக்கு வருவது குறைவு. பூட்டிக்கொண்டு வருகிறவைதான் அதிகம்.

பட்டர்வொர்த் பக்கமிருந்து தமிழ்ப்பள்ளி ஆசிரியை ஒருவர் லேப்டாப்பைத் துணிப்பையில் சுற்றிக் கொண்டுவந்தார். வாங்கி ஓராண்டுகூட ஆகவில்லை. முதல் நாள் இரவு அப்டேட் ஓடியிருக்கிறது, கூடவே கணினியை எழுப்பும் அடிப்படை நிரலான பயோஸும் புதுப்பிக்கப்பட்டிருக்கிறது. காலையில் திறந்தால் நீலத் திரை. விண்டோஸின் டிஸ்க் பூட்டான பிட்லாக்கருக்கு ரெக்கவரி கீ, அதாவது மீட்புச் சாவி கொடு என்கிறது. 48 இலக்க எண்.

"டீச்சர், வாங்கும்போது எந்த இமெயில் போட்டீங்க?"

"கடையில இருந்த தம்பியே எல்லாத்தையும் போட்டுக் குடுத்துட்டாரு. எனக்கு நாலு நம்பர் பின் மட்டும்தான் தெரியும்."

திரையில் அந்த மைக்ரோசாஃப்ட் கணக்கின் அடையாளமாக ஓரிரு எழுத்துகள் தெரிந்தன. அவை டீச்சருடைய இமெயிலின் எழுத்துகள் இல்லை. வரிசையில் ஆள் நிற்கிறதே என்று, கடைப் பையன் அவசரத்துக்கு ஒரு புது முகவரியை உருவாக்கி அதில் கணினியைத் திறந்துவிட்டிருக்கிறான். கடைக்குப் போன் செய்தோம். அவன் வேலையை விட்டுப் போய்விட்டானாம், கடவுச்சொல் யாருக்கும் தெரியாதாம். கடைசியில் டிஸ்க்கைத் துடைத்து விண்டோஸை மறுபடி போட வேண்டியதாயிற்று. சக ஆசிரியர்களுக்கு வாட்சாப்பில் அனுப்பியிருந்த கோப்புகள் மட்டும் திரும்பக் கிடைத்தன. மாணவர் மதிப்பீட்டுப் பதிவுகளில் பெரும்பகுதி போனது போனதுதான்.

இது கணினியின் கோளாறு இல்லை. இப்போது வரும் விண்டோஸ் 11 கணினிகளில், மைக்ரோசாஃப்ட் கணக்கோடு உள்ளே நுழைந்ததுமே டிவைஸ் என்கிரிப்ஷன் சத்தமில்லாமல் இயங்கத் தொடங்கிவிடும். டிஸ்க்கில் இருப்பதெல்லாம் பூட்டப்படும். அந்தப் பூட்டின் மீட்புச் சாவி, முதலில் நுழைந்த கணக்கில் போய் உட்கார்ந்துகொள்ளும். நல்ல ஏற்பாடுதான். லேப்டாப்பை எல்ஆர்டி ரயிலில் மறந்துவிட்டு இறங்கினாலும் எடுத்தவர் உங்கள் படங்களைப் பார்க்க முடியாது. பயோஸ் மாறினாலோ மதர்போர்டு மாற்றப்பட்டாலோ மட்டும், இது அதே கணினிதானா என்று விண்டோஸுக்குச் சந்தேகம் வந்து சாவியைக் கேட்கும். அப்போது சாவி இல்லையென்றால் என்னாலும் முடியாது, மைக்ரோசாஃப்ட்டாலும் திறக்க முடியாது.

உங்கள் கணினி யார் பெயரில் இருக்கிறது என்று இப்போதே பார்த்துவிடலாம். சி டிரைவில் யூசர்ஸ் என்ற ஃபோல்டரைத் திறங்கள். மைக்ரோசாஃப்ட் கணக்கோடு அமைத்த கணினியில், இமெயிலின் முதல் ஐந்து எழுத்துகள்தான் வழக்கமாக அங்கே ஃபோல்டர் பெயராக இருக்கும். உங்களுக்குத் தெரியாத ஐந்து எழுத்து இருந்தால், செட்டிங்ஸில் அக்கவுண்ட்ஸ் பகுதிக்குப் போய் எந்தக் கணக்கு என்று பாருங்கள். உங்களுடையது இல்லையென்றால், கணினி திறந்திருக்கும்போதே உங்கள் பெயரில் ஒரு நிர்வாகிக் கணக்கைச் சேர்த்துக்கொள்ளுங்கள். பிறகு ரெக்கவரி கீயைப் புதிதாகச் சேமித்து, அச்செடுத்து, கார் கிராண்டும் வீட்டு கிராண்டும் என்று உரிமைப் பத்திரங்கள் வைத்திருக்கும் ஃபைலில் சேர்த்து வையுங்கள். கணினிக்குள்ளேயே சேமித்து வைத்தவர்களையும் பார்த்திருக்கிறேன். பெட்டிச் சாவியைப் பெட்டிக்குள் போட்டுப் பூட்டிய கதைதான்.

புதிதாக வாங்குகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். கடையில் திரையையும் கீபோர்டையும் சோதித்துப் பாருங்கள். முதல் அமைப்பை மட்டும் வீட்டுக்கு வந்து நீங்களே செய்யுங்கள். விண்டோஸ் 11 ஹோம் பதிப்பு இணையமும் மைக்ரோசாஃப்ட் கணக்கும் இல்லாமல் அடுத்த திரைக்கு நகர விடாது. இருந்த குறுக்கு வழிகளையும் நிறுவனம் ஒவ்வொன்றாக அடைத்து வருகிறது. ஆகவே உங்கள் சொந்த இமெயில், உங்கள் கைப்பேசி எண். மகனுடையதும் வேண்டாம், மருமகனுடையதும் வேண்டாம். ஆசிரியர்கள் கல்வி அமைச்சு தரும் டெலிமா கணக்கைப் பள்ளி வேலைக்கு வைத்துக்கொள்ளட்டும். வேலையோடு வந்த கணக்கு வேலையோடு போகக்கூடியது. கணினியின் உரிமையாளராக அதை உட்கார வைக்கக் கூடாது.

இனி, எந்த இயங்குதளம்? இதற்குப் பதில் சொல்லும் முன் வருகிறவரிடம் நான் கேட்பது, தினமும் எந்தெந்த மென்பொருளைத் திறக்கிறீர்கள் என்றுதான். கணக்கு எழுதும் தொழில் என்றால் எஸ்கியூஎல் அக்கவுண்ட், ஆட்டோகவுண்ட் போன்றவை இருக்கும். இவை விண்டோஸுக்காக எழுதப்பட்டவை. அவருக்கு விண்டோஸ்தான், அதற்கு மேல் பேச்சில்லை. வருமான வரி, இ-இன்வாய்ஸ் இணையதளங்கள் எல்லாம் பிரவுசரில் திறப்பவை. அவற்றுக்காக மட்டும் எந்த இயங்குதளத்தையும் ஒதுக்க வேண்டியதில்லை.

விண்டோஸ் என்று முடிவானாலும் ஒரு கண்ணி இருக்கிறது. 2024 நடுவிலிருந்து ஸ்னாப்டிராகன் சில்லோடு வரும் விண்டோஸ் லேப்டாப்கள் பரவலாகியிருக்கின்றன. பேட்டரி அருமையாக நிற்கும், சூடும் குறைவு. பழைய மென்பொருள்களில் பலவற்றையும் அது மொழிமாற்றி ஓட்டிவிடும். பிரிண்டர் போன்ற கருவிகளை இயக்கும் டிரைவர் நிரல்களை மட்டும் அப்படி ஓட்ட முடியாது; அந்தச் சில்லுக்கென்றே எழுதியிருக்க வேண்டும். பழைய பிரிண்டர், கணக்கு மென்பொருளோடு உரிமச் சாவியாக வந்த யூஎஸ்பி டாங்கிள் இவற்றை நம்பித் தொழில் நடத்துகிறவர், வாங்கும் முன் அந்த டிரைவர் இருக்கிறதா என்று விசாரித்தே ஆகவேண்டும். மாணவர்களுக்கு இந்தக் கவலை குறைவு. இஞ்சினியரிங் படிப்பவர்கள் மட்டும் துறையில் பயன்படுத்தும் மென்பொருள் ஓடுமா என்று சீனியர்களைக் கேட்டுக்கொள்ளட்டும்.

மேக் வாங்க வசதி இருந்தால் வாங்கலாம். 2020 இறுதியிலிருந்து வந்த ஆப்பிள் சில்லு மேக்கில், முன்புபோல் ஆப்பிளின் பூட் கேம்ப் என்ற வசதி வழியாக விண்டோஸையும் போட்டுக்கொள்ளலாம் என்ற கணக்கு செல்லாது. கூகுளின் இயங்குதளத்தோடு வரும் குரோம்புக், பிரவுசரோடு வாழ்கிறவர்களுக்குப் போதும். 2021 முதல் வந்த மாடல்களுக்கு 10 ஆண்டு வரை அப்டேட் உண்டு. அந்தப் பத்தாண்டு மாடல் வெளிவந்த நாளிலிருந்து ஓடுகிறது, நீங்கள் காசு கொடுத்த நாளிலிருந்து அல்ல. தள்ளுபடியில் கிடக்கும் பழைய மாடலை எடுக்கும்போது இதைக் கவனியுங்கள்.

இலவச இயங்குதளமான லினக்ஸ் என்றாலே நம் ஆட்கள் தயங்குகிறார்கள். எனக்கு அது பிடிக்கும், ஒளிக்கவில்லை. ஆனால் எல்லோர் தலையிலும் கட்டமாட்டேன். வேலோரண்ட் விளையாடும் பையன் இருக்கும் வீட்டில் லினக்ஸ் போட்டால் மறுநாளே திரும்பி வருவான். அந்த விளையாட்டின் ஏமாற்றுத்தடுப்பு அதில் ஓடாது. ஓய்வுபெற்ற ஒரு ஐயா இருக்கிறார். சில்லு செய்யும் இன்டெல் நிறுவனம் 1972-இல் பினாங்கின் பாயான் லெப்பாஸில் தொழிற்சாலை திறந்த நாள்முதல் நம் வீடுகளில் எத்தனையோ பேர் அங்கே ஷிஃப்ட் பார்த்தவர்கள். அவரும் அப்படி மின்னணுத் தொழிற்சாலையில் உழைத்தவர். யூடியூப், நாளிதழ், மகளோடு வீடியோ அழைப்பு, இவ்வளவுதான் அவர் பயன்பாடு. அவருடைய பழைய லேப்டாப் விண்டோஸ் 11-க்குத் தகுதி பெறவில்லை. விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவோ 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. லினக்ஸ் வகைகளில் ஒன்றான லினக்ஸ் மின்ட் 22-ஐப் பென்டிரைவில் போட்டு, எதையும் அழிக்காமல் அதிலிருந்தே ஓட்டிக் காட்டினேன். வைஃபை, கேமரா, ஒலி மூன்றும் வேலை செய்தன. அதன் பிறகே உள்ளே இறக்கினோம். 2029 வரை அதற்கு அப்டேட் வரும். ஐயா புது லேப்டாப் வாங்கும் யோசனையையே விட்டுவிட்டார், எனக்குத்தான் வியாபாரம் போனது.

தகுதி என்றதும் பழைய கணினி வாங்குகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. விண்டோஸ் 11 கேட்பது டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புப் பகுதி, செக்யூர் பூட் என்ற தொடக்கப் பாதுகாப்பு, இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய சில்லு. ஐ5-6200, ஐ5-7200 என்று 6, 7-இல் தொடங்கும் நான்கிலக்க எண் இருந்தால் பெரும்பாலும் தகுதியில்லை என்று பொருள். அப்படிப்பட்ட லேப்டாப்பிலும் சோதனையைத் தாண்டி விண்டோஸ் 11-ஐ ஏற்றி, "புதுசு மாதிரி இருக்கு பாருங்க" என்று விற்கிறார்கள். இன்றைக்கு ஓடும். அடுத்த பெரிய அப்டேட் வருமா என்பதற்கு மைக்ரோசாஃப்ட் உத்தரவாதம் தருவதில்லை.

அதேபோல ஆக்டிவேஷன், அதாவது விண்டோஸ் உரிமத்தை உறுதிசெய்வது. விலை குறைத்து, இயங்குதளம் இல்லாமல் வரும் லேப்டாப்பில் கடைக்காரர் "ஃப்ரீயா போட்டுத் தர்றேன்" என்பார். செட்டிங்ஸில் சிஸ்டம், அதில் ஆக்டிவேஷன் பக்கத்தைத் திறந்து பாருங்கள். டிஜிட்டல் லைசென்ஸ் என்றிருந்தால் பெரும்பாலும் சரி. 'உங்கள் நிறுவனத்தின் ஆக்டிவேஷன் சர்வீஸ் மூலம்' என்று இருந்து, உங்களுக்கு அப்படி ஒரு நிறுவனமே இல்லையென்றால், உள்ளே கிராக், அதாவது உரிமத்தை ஏமாற்றும் நிரல் ஓடுகிறது. பெரிய அலுவலகங்களுக்கான அந்த முறையின் ஆயுள் 180 நாள். அதைப் புதுப்பித்துக்கொண்டே இருக்க ஒரு நிரல் பின்னணியில் அமர்ந்திருக்கும். அதை ஓடவிட ஆன்டிவைரஸை அணைக்கச் சொல்வார்கள். நீங்கள் வங்கிக் கணக்கைத் திறக்கும் கணினி அது. 'லைட்' விண்டோஸ் என்று யாரோ வெட்டிச் சுருக்கி இணையத்தில் போட்டிருப்பதும் இதே ரகம்தான். எதை வெட்டினார், எதைச் சேர்த்தார் என்று யாருக்குத் தெரியும்?

பிறகு உங்கள் கைக்கு ஏற்ப மாற்றிக்கொள்வது. வால்பேப்பர், நிறமெல்லாம் உங்கள் இஷ்டம். நான் முதலில் தொடுவது கோப்புப் பெயரின் வால். ஃபைல் எக்ஸ்புளோரரில் வியூ, ஷோ, அதில் ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ் என்பதை டிக் செய்யுங்கள். விண்டோஸ் இதை மறைத்து வைத்திருப்பதால்தான், 'இன்வாய்ஸ்.பிடிஎஃப்' என்று தெரியும் கோப்பு உண்மையில் 'இன்வாய்ஸ்.பிடிஎஃப்.இஎக்ஸ்இ' என்ற இயங்கும் நிரல் என்பது கண்ணில் படாமல் போகிறது. டிக் செய்த பிறகு வால் தெரியும், கை தயங்கும்.

அடுத்தது மைக்ரோசாஃப்ட்டின் இணையச் சேமிப்பிடமான ஒன்டிரைவ். டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் மூன்றையும் அது தானே மேகத்துக்கு (இணையச் சேமிப்புக்கு) ஏற்றும். இலவச இடம் 5 ஜிபி மட்டுமே. கல்யாணப் படங்களை டெஸ்க்டாப்பில் கொட்டியவுடன் நிரம்பிவிடும், பிறகு காசு கேட்கும். பயத்தில் மேகத்தில் இருப்பதை அழிப்பார்கள், கணினியில் இருப்பதும் சேர்ந்து போகும். பேக்அப்பை முதலில் நிறுத்துங்கள். கோப்புகள் கணினியில் இருக்கின்றனவா என்று கண்ணால் பார்த்துவிட்டு அதன்பின் அழியுங்கள். சோதனைக்காலத்தோடு வரும் ஆன்டிவைரஸை நீக்கிவிடலாம், விண்டோஸோடு கூடவே வரும் ஆன்டிவைரஸான டிஃபெண்டர் வீட்டுக்குப் போதும்.

தமிழுக்கு வருவோம். தனியாக எதையும் வாங்க வேண்டாம். மொழிப் பட்டியலில் தமிழைச் சேர்த்து, கீபோர்டு தேர்வில் தமிழ் 99 அல்லது தமிழ் அஞ்சலை எடுங்கள். முத்து நெடுமாறனின் முரசு அஞ்சல் மென்பொருளில் பழகிய மலேசியக் கைகளுக்கு அஞ்சல் விசைமுறை இதமாக இருக்கும். மேக்கிலும் இரண்டும் உண்டு. விண்டோஸில் விண்டோஸ் விசையோடு ஸ்பேஸ் அழுத்தினால் மொழி மாறும். பழைய கேள்வித்தாளைத் திறந்ததும் எழுத்தின் உருவம் மாறித் தெரிந்தால், லதா எழுத்துரு இல்லை என்று பொருள். தமிழைச் சேர்த்ததும் பெரும்பாலும் தானாக இறங்கும். இல்லையென்றால் ஆப்ஷனல் ஃபீச்சர்ஸில் தமிழ் எழுத்துருத் தொகுப்பைத் தேடி இறக்குங்கள். இன்றைய பொது எழுத்துக் குறியீடான யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் அடித்த கோப்பு என்றால் இதனால் தீராது, எழுத்துரு மாற்றும் நிரலால் உருமாற்ற வேண்டும்.

பிள்ளைகளுக்குத் தனிக் கணக்கு போடுங்கள், நிர்வாகி உரிமை இல்லாமல். பெரும்பாலான மென்பொருள்களை இறக்கி நிறுவ முயன்றால் உங்கள் கடவுச்சொல்லைக் கேட்கும். சண்டை வரும், வரட்டும்.

விற்கும் நாளிலும் கணக்கு விஷயம் உண்டு. விண்டோஸில் ரீசெட் செய்து எல்லாவற்றையும் நீக்கச் சொல்லுங்கள். பிறகு மைக்ரோசாஃப்ட் கணக்குப் பக்கத்தில் சாதனப் பட்டியலிலிருந்தும் அந்தக் கணினியை எடுத்துவிடுங்கள். மேக் என்றால் தொலைந்த கருவியைத் தேடும் ஃபைண்ட் மை-யை அணைத்து ஆப்பிள் கணக்கிலிருந்து வெளியேறிய பிறகே கைமாற்றுங்கள். நீங்கள் பழைய மேக் வாங்குகிறவர் என்றால், விற்பவர் எதிரிலேயே அதைத் துடைக்கச் சொல்லி, 'ஹலோ' திரையிலிருந்து உங்கள் கணக்கோடு உள்ளே போய்ப் பார்த்துவிட்டுக் காசை எடுங்கள். முந்தைய உரிமையாளரின் கடவுச்சொல்லைக் கேட்டால் வாங்காதீர்கள். "அப்புறம் வாட்சாப்பில் அனுப்புறேன்" என்றாலும் வாங்காதீர்கள்.