100 நிமிடத்துக்கு ஒரு சோமைட்

வாசகர் ஒருவர் படம் அனுப்பிக் கேட்டிருக்கிறார். அவர் வளர்க்கும் கார்ன் ஸ்நேக் என்ற வகைப் பாம்பு இட்ட முட்டைகள் பொரிந்திருக்கின்றன. எல்லாக் குட்டிகளும் நன்றாக இருக்க, ஒன்றுக்கு மட்டும் முதுகு ஓரிடத்தில் வெடுக்கென்று மடங்கியிருக்கிறது. "தினமும் நீவிவிட்டால் நேராகுமா? ஒத்தடம் கொடுக்கலாமா?"

நேராகாது. நீவவும் வேண்டாம், தண்டுவடத்துக்குத்தான் ஆபத்து. பிறக்கும்போதே இருக்கும் இந்த வளைவு பெரும்பாலும் தசைப்பிடிப்பு அல்ல. எலும்பே அப்படி உருவாகியிருக்கிறது. ஏன் அப்படி உருவாகிறது என்பது உயிரியலிலேயே எனக்கு மிகப் பிடித்த கதைகளில் ஒன்று. அதைச் சொல்லிவிட்டுப் பராமரிப்புக்கு வருகிறேன்.

கருவில் தண்டுவடம் வரப்போகும் இடத்தின் இரு பக்கமும் மிருதுவான செல்களாலான பட்டை ஒன்று ஓடும். தலைப் பக்கத்திலிருந்து தொடங்கி, இந்தப் பட்டை இடமும் வலமும் ஜோடி ஜோடியாகத் துண்டாகிக்கொண்டே போகும். ஒவ்வொரு துண்டும் ஒரு சோமைட். முதுகெலும்பு, விலா எலும்பு, முதுகுத் தசை எல்லாம் இதிலிருந்துதான் வருகின்றன. வால் பக்கம் புதுச் செல்கள் சேர்ந்துகொண்டே இருக்க, தலைப் பக்கம் துண்டாகிக்கொண்டே இருக்கும்.

சரி, எல்லாத் துண்டும் ஒழுங்கான அளவில் எப்படி விழுகின்றன? 1976இல் ஜொனாதன் குக், கிறிஸ்டோபர் ஜீமன் என்ற இருவர் ஒரு யோசனை சொன்னார்கள். ஒவ்வொரு செல்லுக்குள்ளும் ஒரு கடிகாரம் ஓடுகிறது; கூடவே, 'முதிர்ச்சி எல்லை' ஒன்று தலையிலிருந்து வாலை நோக்கி மெல்ல நகர்கிறது. கடிகாரம் ஒரு சுற்று முடிக்கும்போதெல்லாம், அந்த இடைவெளியில் எல்லை தாண்டிய செல்கள் ஒரு துண்டாகப் பிரிகின்றன. இருபது ஆண்டுகளுக்கு மேல் இது காகிதத்தில் இருந்த கருத்துதான். 1997இல் கோழிக் கருவில் ஒரு மரபணு 90 நிமிடத்துக்கு ஒருமுறை எரிந்து அணைவதைக் கண்ணால் பார்த்தார்கள்.

அது எப்படித் துடிக்கிறது என்பதில்தான் நான் மயங்கிப் போகிறேன். மரபணு ஒரு புரதத்தைச் செய்கிறது. அந்தப் புரதம் திரும்பி வந்து, தன்னைச் செய்த மரபணுவையே மூடிவிடுகிறது. புதுப் புரதம் வராது. இருப்பதும் கொஞ்ச நேரத்தில் சிதைந்துவிடும். மூடியிருக்க ஆள் இல்லாததால் மரபணு மறுபடி திறக்கும். அவ்வளவுதான் கடிகாரம். முள்ளும் கிடையாது, சாவியும் கிடையாது. செய்யவும் சிதையவும் ஆகும் நேரம்தான் அதன் வேகம். அக்கம்பக்கத்துச் செல்கள் நாட்ச் என்ற சமிக்ஞை வழியே ஒன்றையொன்று தொட்டுச் சொல்லி, எல்லாம் ஒரே தாளத்தில் போகும்படி பார்த்துக்கொள்கின்றன.

வரிக்குதிரை மீனுக்கு ஒரு சுற்று சுமார் 30 நிமிடம். எலிக்கு 2 மணி நேரம். மனிதருக்கு ஏறத்தாழ 5 மணி நேரம். கார்ன் ஸ்நேக்குக்கு 100 நிமிடம் என்று 2008இல் அளந்தார்கள். பார்த்தால் எலியோடு ஒப்பிடப் பெரிய வேகமாகத் தெரியாது. ஆனால் பாம்பின் கரு எலியைவிட மிக மெதுவாக வளர்வது. வளர்ச்சி ஆமை வேகம், கடிகாரம் மட்டும் எலியின் வேகம். விளைவு, துண்டுகள் சின்னச் சின்னதாக, ஏராளமாக விழுகின்றன: 300க்கும் மேல்! நமக்கு முதுகெலும்புத் துண்டுகள் மொத்தமே 33. கணக்குப் போட்டுப் பாருங்கள், 300 துண்டு, துண்டுக்கு 100 நிமிடம் என்றால் மூன்று வாரம் இரவு பகலாக ஓட வேண்டிய கடிகாரம் அது.

இப்போது ஒரு சுற்றில் ஒரு பக்கம் மட்டும் தாளம் தப்பியது என்று வையுங்கள். சட்டையில் ஒரு பொத்தானை மாற்றிப் போட்டால் என்ன ஆகுமோ அதுதான். இடப் பக்கம் ஒரு துண்டு கூடுதல், வலப் பக்கம் குறைவு; பாதி எலும்பு மட்டும் ஆப்பு வடிவில் வளர்ந்து, முதுகு அங்கே சாய்ந்துவிடும். இன்னொரு நுணுக்கமும் உண்டு. ஒரு சோமைட் அப்படியே ஒரு முதுகெலும்பாக மாறுவதில்லை. முன்னதன் பின்பாதியும் அடுத்ததன் முன்பாதியும் சேர்ந்துதான் ஓர் எலும்பு. இப்படிப் பாதி நகர்ந்து ஒட்டுவதால்தான் தசை இரண்டு எலும்புகளுக்கு நடுவே பாலம்போட முடிகிறது, பாம்பும் வளைய முடிகிறது. அதனாலேயே ஒரு துண்டு கெட்டால் இரண்டு எலும்பு கெடும்.

தாளம் ஏன் தப்புகிறது? இந்தக் கடிகாரம் முழுக்க வேதிவினை. வெப்பம் மாறினால் வேகம் மாறும். பாம்பின் முதுகெலும்பு எண்ணிக்கையே கரு வளரும் வெப்பத்தைப் பொறுத்துக் கூடக் குறைய இருக்கும். ஒன்றைக் கவனியுங்கள்: முட்டை இடும்போதே சோமைட் வேலையில் பெரும்பகுதி தாயின் வயிற்றில் நடந்து முடிந்திருக்கும். ஆகவே குற்றவாளி முட்டை பொரிக்க வைக்கும் இன்குபேட்டர் பெட்டி மட்டும்தான் என்று நினைக்க வேண்டாம்; சினையாக இருந்தபோது தாய்க்குக் கிடைத்த வெப்பமும் கணக்கில் உண்டு. எல்லா வளைவும் இந்தக் கடிகாரத்தால் வருவதும் இல்லை. எலும்பு இறுகும் காலத்தில் சூடு அதிகமானாலும், முட்டை காய்ந்தாலும், நெருங்கிய உறவுக்குள்ளேயே இனச்சேர்க்கை செய்தாலும் வரலாம். பால் பைத்தான் (ball python) என்ற மலைப்பாம்பில் கேரமல் அல்பினோ என்ற நிறவகை, வளைந்த முதுகுக்கே பெயர்போனது.

'பாம்புக் கருவில் துண்டு எண்ணுவதற்கு எதற்கு அரசு பணம்?' என்று கேட்பவர்கள் எல்லா நாட்டிலும் உண்டு. மனிதக் குழந்தைகள் சில, முதுகெலும்பும் விலா எலும்பும் தாறுமாறாக ஒட்டிப் பிறக்கின்றன. அதில் கெட்டுப்போயிருக்கும் மரபணுக்கள் இதே கடிகாரத்தின் பாகங்கள்தான். கோழி, மீன், எலி, பாம்பு என்று வேலையற்ற வேலை பார்த்தவர்கள் இல்லாவிட்டால் அந்தப் பெற்றோருக்குக் காரணம் சொல்லக்கூட ஆள் இருந்திருக்காது.

இனிப் பராமரிப்பு. துண்டுகள் தலையிலிருந்து வால் நோக்கி வரிசையாக விழுவதால், வளைவு இருக்கும் இடத்தை வைத்துக் கோளாறு முன்னால் நடந்ததா பின்னால் நடந்ததா என்று ஓரளவு ஊகிக்கலாம். உள்ளுறுப்புகளும் பாம்பில் வரிசையாகத்தான் இருக்கின்றன: இதயம் முன்னே, நீளக் கல்லீரல் அதன் பின்னே, இரைப்பை நடுவில், குடலும் சிறுநீரகமும் பின்னே. ஆக, எங்கே வளைவு என்பதுதான் முதல் கேள்வி. வால் நுனியில் இருந்தால் கவலையே வேண்டாம். நடு உடம்பில் ஒற்றை வளைவு, குட்டி சுறுசுறுப்பு என்றால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். கழிவுத் துளைக்குச் சற்று முன்னால் என்றால்தான் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டும்.

முட்டையைக் கீறி மூக்கை நீட்டிய குட்டியைப் பாவம் பார்த்து வெளியே இழுக்காதீர்கள். மஞ்சள் கருவை உள்ளே உறிஞ்சிக்கொள்ள அதற்கு ஒரு நாளோ இரண்டு நாளோ வேண்டும். வந்த பிறகு தொப்புள் மூடும்வரை ஈரமான டிஷ்யூ பேப்பர் மட்டுமே படுக்கை. மரத்தூள், மண் எதுவும் ஆகாது. ஒரு வாரம், பத்து நாளில் முதல் சட்டையை உரிக்கும். வளைவின் உள்மடிப்பில் பழைய தோல் வளையமாக ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். வாலில் அப்படி ஒன்று இறுகினால், ரத்த ஓட்டம் நின்று நுனி கருத்துவிடும். அரை மணி நேரம் வெதுவெதுப்பான ஈரத்துணியில் ஊர விட்டால் தானே கழன்றுவிடும்.

முதல் இரை, ரோமம் முளைக்காத எலிக்குஞ்சு. சாதாரணக் குட்டிக்கு உடம்பின் பருமன் அளவு கொடுப்பார்கள். வளைந்த குட்டிக்கு அதைவிடச் சிறியதாக. விழுங்கிய பின் கையில் எடுக்காமல், வெறுமனே பாருங்கள். வீக்கம் கீழே நகர்ந்து வளைவை அடையும்போது, செதில்கள் விலகி இடையில் வெளிறிய தோல் தெரியும். இரைப்பையைத் தாண்டியதும் வீக்கம் கரைந்து மறைய வேண்டும். அதே இடத்தில் நாள் கணக்கில் கல்லாக நின்றால் மருத்துவரிடம் போய் எக்ஸ்ரே எடுங்கள். கக்கிவிட்டால் உடனே அடுத்ததை நீட்டாதீர்கள், பத்து நாளாவது வயிற்றுக்கு ஓய்வு வேண்டும். எச்சம் வந்ததா, கூடவே சுண்ணாம்புபோல வெள்ளையாக யூரேட் (பாம்பின் கெட்டியான சிறுநீர்க் கழிவு) வந்ததா என்று குறித்து வையுங்கள். இந்தக் குட்டிக்கு மருத்துவ அறிக்கை அதுதான்.

வேறு குறைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கண் இல்லாத குட்டி நாக்காலும், பைத்தானாக இருந்தால் உதட்டுக் குழிகளின் வெப்ப உணர்வாலும் நன்றாகவே இரையைப் பிடிக்கும். தாடை குட்டையான குட்டி சிறிய இரையைக்கூட விழுங்கத் திணறினால், அதற்கு வாழ்நாள் முழுக்க உதவி தேவைப்படலாம். இரட்டைத் தலைக் குட்டிக்கு உணவு வேளையில் இரு தலைக்கும் நடுவே ஒரு தடுப்பு வையுங்கள். டென்னசி பல்கலைக்கழகத்தில் கோர்டன் பர்கார்ட் வைத்திருந்த இரட்டைத் தலைப் பாம்பில், போய்ச் சேருவது ஒரே வயிற்றுக்குத்தான் என்றாலும், இரண்டு தலைகளும் இரைக்காகச் சண்டை போட்டன. இப்படிக் குட்டி பிறந்தால் சகுனம் பார்ப்பவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: கரு பாதி பிரிந்து நின்றதற்கு நம் வீட்டு ஜாதகம் என்ன செய்யும்?

எனக்குக் கோபம் வருவது வேறு இடத்தில். பால் பைத்தானில் ஸ்பைடர் என்ற நிறவகை இருக்கிறது. தலையை ஆட்டிக்கொண்டே இருக்கும், சில சமயம் தலைகீழாகவே திரும்பிவிடும். உள்காதின் சமநிலை உறுப்பே அவற்றில் உருக்குலைந்து உருவாகிறது என்று 2022இல் வெளியான ஸ்கேன் ஆய்வு காட்டியது. அந்த நிறத்துக்காகத் தெரிந்தே குட்டி எடுப்பதை எந்தச் சமாதானத்தாலும் ஏற்க முடியாது.

பல வளைவுகளோடு, எதையும் விழுங்க முடியாமல், மெலிந்துகொண்டே போகும் குட்டிக்கு வலியில்லாத முடிவைக் கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள். ஃப்ரீசரில் வைப்பது சரியான வழி அல்ல. பிழைத்துக்கொண்ட குட்டியை இனப்பெருக்கத்துக்குப் பயன்படுத்த வேண்டாம். அதிலும் பெண்ணாக இருந்தால் ஒரு விஷயம்: கார்ன் ஸ்நேக் ஆணோடு சேராமலேயே கருவற்ற முட்டை இடும். வளைவு பின்பகுதியில் இருந்தால் அந்த முட்டை வழியில் சிக்கிக்கொள்ளலாம். ஆகவே பருவத்துக்கு வந்த பிறகு இரையை மறுத்து, பின்வயிறு தடித்துத் தெரிந்தால், இன்னும் ஒரு வாரம் பார்ப்போம் என்று இருக்காமல் எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள்.