மைனர் சொத்தை நிர்வகிக்கும் பாதுகாவலருக்குச் சட்டம் விதிக்கும் கடமைகள்

பழைய கிரயப் பத்திரங்களைப் புரட்டினால், "மைனருக்காகத் தாயாரும் கார்டியனுமான" என்ற வரி அடிக்கடி கண்ணில் படும். அப்படி எழுதிக் கையெழுத்திட்டு, சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திரமும் பதிவாகிவிட்டால், மைனரின் பங்கு முறையாகக் கைமாறிவிட்டது என்றே விற்பவரும் வாங்குபவரும் பெரும்பாலும் நம்புகிறார்கள். பத்திரம் பதிவானதாலேயே விற்பனை உறுதியாகிவிடாது. பெற்றவரே ஆனாலும், மைனருக்குத் தனியாகச் சொந்தமான அசையாச் சொத்தை விற்க நீதிமன்றத்தின் முன் அனுமதி வேண்டும்.

இந்த விதி இரண்டு சட்டங்களில் இருக்கிறது. 1890ஆம் ஆண்டின் பாதுகாவலர் மற்றும் காப்பிலுள்ளோர் சட்டம் எல்லா மதத்தினருக்கும் பொதுவானது. நீதிமன்றம் நியமிக்கும் பாதுகாவலரின் அதிகாரத்தையும் கடமையையும் அது வரையறுக்கிறது. 1956ஆம் ஆண்டின் இந்து இளவர் மற்றும் பாதுகாவலர் சட்டம் இந்துக்கள், பௌத்தர்கள், சமணர்கள், சீக்கியர்கள் ஆகியோரின் இயற்கைப் பாதுகாவலர்களைப் பற்றியது. தந்தை, அவருக்குப் பின் தாய் என்பது அச்சட்டத்தின் 6ஆம் பிரிவு. 'பின்' என்பதைத் தந்தையின் மரணத்துக்குப் பின் என்று மட்டும் கொள்ள வேண்டியதில்லை என்றும், அவர் பொறுப்பேற்காத அல்லது ஏற்க இயலாத நிலையிலும் தாய் பாதுகாவலராகச் செயல்படலாம் என்றும் உச்ச நீதிமன்றம் 1999இல் விளக்கியது. பெற்றோரை இழந்த பிள்ளையைத் தாய்மாமனோ சித்தப்பாவோ எத்தனை அன்போடு வளர்த்தாலும், அந்தக் காரணத்தால் மட்டும் பிள்ளையின் சொத்தைக் கையாளும் உரிமை அவருக்கு வந்துவிடாது என்கிறது 11ஆம் பிரிவு. அத்தகையவர் நீதிமன்றத்தில் மனு செய்து நியமன உத்தரவு பெற வேண்டும்.

சொத்து தன்னுடையதாக இருந்தால் சாதாரண விவேகமுள்ள ஒருவர் அதை எவ்வளவு கவனத்துடன் பார்த்துக்கொள்வாரோ, அதே கவனத்துடன் மைனரின் சொத்தைப் பாதுகாவலர் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது 1890ஆம் ஆண்டுச் சட்டத்தின் 27ஆம் பிரிவு. வாடகையை வசூலிப்பது, வீட்டுவரியைக் கட்டுவது, ஒழுகும் கூரையைச் செப்பனிடுவது, காலி மனையில் யாரும் வேலி போட்டுவிடாமல் பார்ப்பது எல்லாம் இதில் அடங்கும். இதைவிடக் கடுமையானது 20ஆம் பிரிவு: பாதுகாவலர் தம் பொறுப்பைப் பயன்படுத்தி லாபம் அடையக்கூடாது. நீதிமன்றம் ஒரு படித்தொகையை அனுமதித்தால் அதைப் பெற்றுக்கொள்ளலாம், அவ்வளவுதான். பிள்ளைக்கு 18 வயது நிரம்பிய கையோடு அந்தச் சொத்தைத் தாமே விலைக்கு வாங்கிக்கொள்வதையும் இந்தப் பிரிவு விட்டுவைக்கவில்லை. குடும்பங்களில் இது எத்தனை சாதாரணமாக நடக்கிறது என்பதை அறிந்துதான் இதை எழுதியிருக்கிறார்கள் போலும்.

விற்பனை, அடமானம், தானம், பரிவர்த்தனை ஆகிய நான்குக்கும் முன் அனுமதி தேவை. குத்தகையும் 5 ஆண்டுகளுக்கு மேற்பட்டதாகவோ, பிள்ளைக்கு 18 வயது நிரம்பிய பிறகு ஓராண்டுக்கு மேல் நீடிப்பதாகவோ இருந்தால் அனுமதி பெற்றாக வேண்டும். ஒரு பெண்ணுக்கு 16 வயது முடிந்த நாளில் அவளுடைய கடையை 4 ஆண்டு வாடகைக்கு விட்டால், அது அவளுடைய 20ஆம் வயது வரை போகும். ஆகவே 5 ஆண்டுக்குக் குறைவாக இருந்தும் அதற்கு அனுமதி தேவை. இந்த இரண்டாவது வரம்பைத்தான் பலரும் கவனிக்கத் தவறுகிறார்கள்.

அனுமதி மனுவை எங்கே தாக்கல் செய்வது என்பதிலும் குழப்பம் வருவதுண்டு. இந்து இயற்கைப் பாதுகாவலர் சொத்து இருக்கும் இடத்துக்குரிய நீதிமன்றத்தில் மனு செய்ய வேண்டும். குடும்பம் கோவையில் இருந்தாலும் நிலம் தஞ்சாவூரில் இருந்தால் தஞ்சாவூருக்குத்தான் போக வேண்டும். தவிர்க்க முடியாத தேவையோ, மைனருக்குத் தெளிவான நன்மையோ இருந்தாலொழிய நீதிமன்றம் அனுமதி தராது. படிப்பு, மருத்துவம், சொத்தின் மேல் ஏற்கெனவே உள்ள கடன் ஆகியவை ஏற்கப்படும் காரணங்கள். பெற்றவருடைய தொழில் நஷ்டத்தை அடைப்பது மைனரின் தேவை ஆகாது. அனுமதி கொடுக்கும்போது, பொது ஏலத்தில் அதிக விலை கேட்பவருக்கே விற்க வேண்டும் என்றோ, கிரயத் தொகையை நீதிமன்றத்தில் செலுத்த வேண்டும் என்றோ நிபந்தனை விதிக்கவும் நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு.

அனுமதி பெறாத கிரயம் தொடக்கத்திலேயே செல்லாததாகிவிடுவதில்லை. மைனர் விரும்பினால் அதைத் தள்ளுபடி செய்ய முடியும். 18 வயது நிரம்பிய நாளிலிருந்து 3 ஆண்டுகளுக்குள், அதாவது பொதுவாக 21 வயதுக்குள், அவர் அதை எதிர்க்க வேண்டும் என்கிறது 1963ஆம் ஆண்டுக் காலவரம்புச் சட்டம். இதற்கு வழக்குப் போட்டே ஆக வேண்டும் என்பதில்லை, அதே சொத்தை வேறொருவருக்கு விற்பது போன்ற தெளிவான செயலாலும் பழைய கிரயத்தை நிராகரிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2025இல் கூறியிருக்கிறது. ஆகவே வாங்குபவர் வழக்கு எதுவும் இல்லை என்று பார்ப்பதோடு நின்றுவிடாமல், முன்பு எந்த மைனரின் சொத்து விற்கப்பட்டதோ அவருடைய பிறந்த தேதியையும் நீதிமன்ற உத்தரவையும் கேட்டுப் பார்ப்பது நல்லது.

இங்கே ஒரு விதிவிலக்கைச் சொல்லியாக வேண்டும். பிரிக்கப்படாத இந்துக் கூட்டுக் குடும்பச் சொத்தில் மைனருக்கு உள்ள பங்கு இந்த அனுமதி விதிக்குள் வராது. குடும்பத் தலைவர் குடும்பத்தின் அவசியத்துக்காக அதை விற்கலாம். அவசியம் இருந்ததா என்பது பின்னர் கேள்விக்கு உள்ளாகலாம். பாட்டியின் உயில் மூலமோ, தானப் பத்திரம் மூலமோ பிள்ளை பெயருக்கே வந்த சொத்து இந்த விலக்கில் சேராது.

நீதிமன்றம் நியமித்த பாதுகாவலருக்குக் கணக்குக் கடமையும் உண்டு. நீதிமன்றம் கேட்டால் பிணைப்பத்திரம் எழுதிக் கொடுப்பது, நியமனமாகி 6 மாதத்துக்குள் அசையாச் சொத்து, கைக்கு வந்த பணம், அசையும் பொருள்கள், கடன்கள் ஆகியவற்றின் பட்டியலைத் தருவது, கேட்கும்போதெல்லாம் கணக்குக் காட்டுவது, மீதியை நீதிமன்றத்தில் செலுத்துவது ஆகியவை 1890ஆம் ஆண்டுச் சட்டத்தின் 34ஆம் பிரிவில் உள்ளன. பிள்ளையின் பராமரிப்பு, கல்வி, வீட்டுச் சடங்குகள் ஆகியவற்றுக்கு வருமானத்தில் எவ்வளவு செலவிடலாம் என்பதையும் நீதிமன்றமே சொல்லும். கணக்குத் தராதவருக்கு 100 ரூபாய் வரை அபராதம், தொடர்ந்தால் நாளொன்றுக்கு 10 ரூபாய் வீதம், மொத்தம் 500க்கு மிகாமல் என்று சட்டம் சொல்வதைப் படித்துச் சிரித்துவிட வேண்டாம்: கணக்குத் தருவதாக ஒப்புக்கொள்ளும் வரை சிவில் சிறையில் வைக்கவும், பொறுப்பிலிருந்து நீக்கவும் நீதிமன்றத்தால் முடியும்.

அதிகம் பேர் பயன்படுத்தாத 33ஆம் பிரிவு பாதுகாவலருக்கே கவசம். வீட்டை இடித்துக் கட்டலாமா, பணத்தை எதில் போடலாம் என்று நிர்வாகத்தில் ஐயம் எழுந்தால் நீதிமன்றத்திடமே கருத்துக் கேட்கலாம். உண்மைகளை மறைக்காமல் கேட்டு, கிடைத்த அறிவுரைப்படி நடந்தவர் தம் கடமையைச் செய்தவராகவே கருதப்படுவார்.

பிள்ளைக்கு 18 வயது நிறைந்ததும் பொறுப்பு முடிகிறது. நீதிமன்றம் பாதுகாவலரை நியமித்திருந்தால் 21 வயதில்தான் மேஜர் என்றிருந்த பழைய விதி 1999ஆம் ஆண்டுத் திருத்தத்தால் நீங்கிவிட்டது. சொத்தையும் கணக்குகளையும் ஒப்படைத்த பாதுகாவலரை நீதிமன்றம் விடுவிக்கலாம். ஆனால் பிற்பாடு மோசடி கண்டுபிடிக்கப்பட்டால் அந்த விடுவிப்பு அவரைக் காப்பாற்றாது.

18 வயதுக்குப் பிறகும் காப்பு தேவைப்படுவோருக்கு வேறு சட்டம் இருக்கிறது. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகை ஊனம் உள்ளவர்களுக்கு 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்கீழ், மாவட்ட ஆட்சியர் இடம்பெறும் உள்ளூர் அளவிலான குழு பாதுகாவலரை நியமிக்கிறது. பெற்றோரே பாதுகாவலரானாலும், 6 மாதத்துக்குள் சொத்துப் பட்டியலையும், ஒவ்வொரு நிதியாண்டும் முடிந்த 3 மாதத்துக்குள் வரவு, செலவு, இருப்புக் கணக்கையும் நியமித்த குழுவிடம் தர வேண்டும்.