ஷா, செஸ், செக்: ஒரு சொல் போன வழி

கட்டம் போட்ட சட்டை செக் சட்டை. வங்கியில் போடுவது செக். ஊர் எல்லையில் லாரியை மறிப்பது செக் போஸ்ட். சிலிண்டர் கசிகிறதா என்று செக் பண்ணுகிறோம். அரசியலில் ஒருவர் இன்னொருவரை மடக்கினால் ‘செக் வைத்துவிட்டார்’ என்கிறோம். வங்கிச் செக்குக்கு மட்டும் பிரிட்டிஷ்காரர்கள் தனி எழுத்துக்கூட்டல் வைத்திருக்கிறார்கள். தமிழில் எழுதும்போது அந்த வேறுபாடும் போய்விடுகிறது. போவதில் தப்பில்லை, எல்லாமே ஒரே வேரில் கிளைத்தவைதான். அந்த வேர், அரசனைக் குறிக்கும் பாரசீகச் சொல்லான ‘ஷா’. ஷாஜகானில் இருக்கிற அதே ஷா. பாட்சாவிலும் அதுவே.

இந்தியாவின் சதுரங்கம் பாரசீகத்துக்குப் போய்ச் ‘சத்ரங்’ ஆனது, அரபு மொழியில் ‘ஷத்ரஞ்ச்’ ஆனது. எதிராளியின் ராஜாவைத் தாக்கும் நிலைக்கு ஒரு காயைக் கொண்டுவந்தால் ‘ஷா!’ என்று எச்சரிப்பது ஆட்ட வழக்கம். அந்தக் குரல்தான் ஐரோப்பாவுக்குப் போய், இடைக்கால லத்தீனில் ‘ஸ்காக்குஸ்’ என்றும் பழைய பிரெஞ்சில் ‘எஸ்செக்’ என்றும் மாறியது. ஆங்கிலேயர் வாயில் முன்னால் இருந்த ‘எஸ்’ உதிர, மிஞ்சியது செக். அதன் பன்மை தேய்ந்து செஸ் ஆயிற்று. ஆக, நாம் செஸ் என்று சொல்வது செக்கின் பன்மை. சதுரங்கம் என்ற பெயரோடு கிளம்பிய ஆட்டம், ஒரு காயின் பெயரைச் சூட்டிக்கொண்டு ஊர் திரும்பியிருக்கிறது.

செக்மேட் என்பது ‘ஷா மாத்’. அரபுப் பொருளில் பார்த்து ‘ராஜா செத்தான்’ என்பார்கள் சிலர். பாரசீகத்தில் ‘மாத்’ என்றால் செய்வதறியாமல் திகைத்து நிற்பவன் என்பார்கள் வேறு சிலர். எனக்கு இரண்டாவதே பொருத்தமாகப் படுகிறது. ஆட்டத்தில் ராஜாவை யாரும் வெட்டுவதில்லையே, நகர வழியில்லாமல் நிறுத்துவதோடு சரி.

செக் சொன்னதும் எதிராளி போட்டு வைத்த திட்டத்தையெல்லாம் விட்டுவிட்டு ராஜாவைக் காப்பாற்ற ஓட வேண்டும். இதிலிருந்து ‘தடுத்து நிறுத்துதல்’ என்ற பொருள் வந்தது. தடுத்தபின் அப்படியே விடுவார்களா? விசாரித்துச் சரிபார்ப்பார்கள். செக் போஸ்டில் இந்த இரண்டு பொருளும் ஒன்றாக நிற்கின்றன.

வங்கிக்குப் போன வழி இன்னும் சுவையானது. 12-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில், மாவட்ட அதிகாரிகளான ஷெரீஃப்கள் வரிக்கணக்கை அரசரின் கருவூலத்தில் வந்து ஒப்புவிக்க வேண்டும். அங்கே சுமார் 10 அடி நீளம், 5 அடி அகலத்தில் ஒரு மேசை. காசு உருண்டு விழாதபடி நான்கு விரல் உயரத்துக்கு விளிம்பு. மேலே கோடுகள் போட்ட கறுப்புத் துணி. கையிலிருந்தது ரோமன் எண்முறை, அதில் பூஜ்யம் கிடையாது, எழுதிக் கூட்டுவது பெரும்பாடு. அதனால் துணியில் பென்னிக்கு ஒரு பத்தி, ஷில்லிங்குக்கு ஒன்று, பவுண்டுக்கு ஒன்று என்று பிரித்து, வில்லைகளை அடுக்கியும் நகர்த்தியும் கணக்குப் பார்த்தார்கள். பார்க்கச் சதுரங்கப் பலகை போலிருந்ததால், அந்தப் பலகைக்கான பெயரே அலுவலகத்துக்கும் ஒட்டிக்கொண்டது: எக்ஸ்செக்கர். கருவூல அதிகாரி ரிச்சர்ட் ஃபிட்ஸ்நீல் 1170-களில் இந்த நடைமுறையை எழுதத் தொடங்கியபோது, மேசையின் இரு பக்கமும் பொருளாளரும் ஷெரீஃபும் மோதிக்கொள்வதும் ஓர் ஆட்டம்தான் என்று இன்னொரு காரணமும் சொன்னார். பிரிட்டனின் நிதியமைச்சர் இன்றைக்கும் ‘சான்சலர் ஆஃப் தி எக்ஸ்செக்கர்’தான்.

பணம் கட்டியதற்கு ரசீது, வெட்டுக்குறி போட்ட ஒரு மரக்குச்சி. அதை நீளவாக்கில் பிளந்து ஆளுக்கொரு பாதி வைத்துக்கொள்வார்கள். இரண்டும் பொருந்தினால் கணக்கு சரி. இந்தக் குச்சிகள் 1826 வரை புழக்கத்தில் இருந்தன. 1834 அக்டோபர் 16 அன்று பழைய குச்சிகளை எரிக்கப்போய், நாடாளுமன்றக் கட்டடமே பெரும்பாலும் எரிந்துபோனது.

குச்சியின் வேலையைப் பின்னால் காகிதம் எடுத்துக்கொண்டது. 18-ஆம் நூற்றாண்டில் செக் என்றால், பணம் கொடுக்கச் சொல்லி எழுதித்தரும் தாளான பணமுறியின் அடிக்கட்டை. தொகையைத் திருத்தி ஏமாற்றுவதைத் தடுக்க அது வங்கியிடம் இருக்கும், அதனால் அந்தப் பெயர். பிறகு பெயர் அடிக்கட்டையை விட்டுத் தாளுக்கே தாவிவிட்டது. பிரிட்டிஷார் அதற்குத் தனி எழுத்துக்கூட்டல் கொடுத்ததில் எக்ஸ்செக்கரின் சாயல் உண்டு. அமெரிக்கர்கள் பழையபடியே எழுதுகிறார்கள்.

சட்டைக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சதுரங்கப் பலகையின் கட்டம் துணியில் ஏறியது, அவ்வளவுதான். சென்னையின் பழைய பெயரைச் சுமந்து ‘மெட்ராஸ் செக்ஸ்’ இன்றும் விற்கிறது.

இப்படி ஒரு சொல் பொருள் மாறும்போது அது தாவுவது அடுத்த படிக்கு மட்டும்தான். ராஜாவிலிருந்து எச்சரிக்கை, எச்சரிக்கையிலிருந்து தடை, தடையிலிருந்து சோதனை. முதல் படியையும் கடைசிப் படியையும் மட்டும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் உறவே தெரியாது. ஒலி ஒத்துப்போனாலும் உறவு உண்டு என்று சொல்லிவிட முடியாது. பிராகா நகரைத் தலைநகராகக் கொண்ட செக் நாட்டின் பெயர் ஒரு ஸ்லாவிய இனத்தின் பெயர். எண்ணெய் ஆட்டும் செக்கு நம்மூர்ச் சொல். இரண்டுக்கும் ஷாவோடு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

உறவு இருந்தும் அடையாளம் தெரியாமல் போனதும் உண்டு. எஸ்செக்கை ஆங்கிலத்துக்குக் கொடுத்த பிரெஞ்சுக்காரர்கள், வங்கிச் செக்குக்கு ஆங்கிலத்திலிருந்தே ‘ஷெக்’ என்று திரும்பக் கடன் வாங்கினார்கள். அவர்களிடம் தங்கிவிட்ட பழைய சொல் ‘எஷெக்’ என்று மாறி, இப்போது தோல்வி என்று பொருள்படுகிறது.