கரியமில வாயுவின் பூர்வீகம்

'எரிமலையும்தான் கரியமில வாயுவைக் கக்குகிறது. பூமி சூடாவதற்கான பழி மட்டும் ஏன் பெட்ரோலுக்கும் நிலக்கரிக்கும்? வாயுவில் பெயர் எழுதியிருக்கிறதா?' என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். கிட்டத்தட்ட எழுதித்தான் இருக்கிறது!

வெப்பம் கூடுவது எப்படி என்பது பள்ளிப் பாடம். பூமி வெளிவிடும் அகச்சிவப்புக் கதிர்களைக் கரியமில வாயு உறிஞ்சி, ஒரு பகுதியைத் தரைக்கே திருப்பி அனுப்புகிறது. தொழிற்புரட்சிக்கு முன் பத்து லட்சம் காற்று மூலக்கூறுகளில் சுமார் 280 கரியமில வாயுவாக இருந்தது. இன்று 420-க்கும் மேல். சரி, இந்தக் கூடுதல் சரக்கு யாருடையது?

முதல் சாட்சி கார்பன்-14, அதாவது கார்பனின் கதிரியக்க வகை. காஸ்மிக் கதிர்களின் விளைவாக மேல்வானில் நைட்ரஜனிலிருந்து ஓயாமல் பிறக்கும் இது, 5,730 ஆண்டுகளுக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். பல கோடி ஆண்டுகள் மண்ணுக்குள் கிடந்த நிலக்கரியில் ஒரு துளியும் மிஞ்சாது. அதன் புகை கலக்கக் கலக்க, காற்றிலுள்ள கார்பன்-14-இன் விகிதம் நீர்த்துப்போகும். 1955-இல் வேதியியலாளர் ஹான்ஸ் சூஸ், அந்தந்த ஆண்டுக் காற்றின் கார்பனைச் சேமித்துவைக்கும் மரவளையங்களில் கண்டது இதைத்தான். (பிறகு அணுகுண்டுச் சோதனைகள் செயற்கையாகக் கார்பன்-14-ஐக் கொட்டிக் கணக்கைக் குழப்பியது தனிக்கதை.)

ஆனால் எரிமலை வாயுவிலும் கார்பன்-14 கிடையாதே? இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த இரண்டாம் சாட்சி வருகிறது: கார்பன்-13, சாதாரண கார்பன்-12-ஐவிடச் சற்றே எடை கூடிய வகை. ஒளிச்சேர்க்கையின்போது தாவரங்கள் எடை குறைந்த கார்பன்-12-ஐத்தான் அதிகம் எடுத்துக்கொள்ளும். நிலக்கரியும் எண்ணெயும் பழைய உயிர்களின் எச்சம் என்பதால், அவற்றிலும் கார்பன்-13 குறைவு. எரிமலைக் கார்பனில் அந்தக் குறை அவ்வளவாக இல்லை. இன்றைய காடு எரிந்தாலோ புகையில் கார்பன்-14 இருக்கும். இரண்டுமே குறைந்த கார்பன் புதைபடிவ எரிபொருளில் மட்டும்தான் உண்டு. காற்றில் கார்பன்-13-இன் விகிதமும் சரிந்துகொண்டே வருகிறது. அப்புறம், எரிவதற்கு ஆக்சிஜன் வேண்டும் அல்லவா? அதுவும் துளித்துளியாகக் குறைவதை அளந்திருக்கிறார்கள். எரிமலைகள் ஓராண்டில் விடுவது நாம் விடுவதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை.

வேடிக்கை என்னவென்றால், 1958-இல் அமெரிக்க விஞ்ஞானி சார்லஸ் டேவிட் கீலிங் இந்த வாயுவை அளக்கத் தொடங்கியதே ஹவாயில் மௌனா லோவா என்ற எரிமலையின் சரிவில்தான். எரிமலைப் புகை அடிக்கும் நேரங்களில் அளவு சட்டென்று எகிறும், அவற்றைக் கழித்துவிடுவார்கள். அவருக்குத் தொல்லை கொடுத்தது எரிமலை அல்ல, பட்ஜெட். 1964-இல் நிதி வெட்டால் அளவீடு சில மாதங்கள் நின்றது. பெரிய விண்கலத்துக்குக் கைதட்டுகிறோம். தினமும் ஒரே எண்ணைக் குறித்துவைப்பவருக்குச் சம்பளம் கொடுக்கத் தயங்குகிறோம். அளவீடு நின்ற அந்தச் சில மாதங்கள் கீலிங்கின் வரைபடத்தில் இன்றும் காலியாகவே கிடக்கின்றன.