ஹாலிபட் படகில் மின்னணுக் கணக்குப்பிள்ளை

கரைக்கு வந்த மீனைத் தராசில் போட்டுவிடலாம். நடுக்கடலில் திருப்பி எறிந்த மீனுக்கு யார் கணக்குச் சொல்வது? கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில், தூண்டிலில் ஹாலிபட் என்ற பெரிய தட்டை மீனும், ராக்ஃபிஷ் என்ற பாறை மீனும் பிடிக்கும் படகுகளுக்கு இதுதான் சிக்கல். அங்கே ஒவ்வொரு மீன் இனத்திலும் இவ்வளவுதான் பிடிக்கலாம் என்று ஒதுக்கீடு உண்டு. அதனால் 2006 முதல் ஒவ்வொரு பயணத்திலும் கண்காணிப்பாளர் ஒருவர் உடன் வரவேண்டும், இல்லையேல் கேமரா ஓடவேண்டும். பெரும்பாலோர் கேமராவையே தேர்ந்தெடுத்தார்கள். அது இடத்தை அடைக்காது, சோறும் கேட்காது.

கேப்டன் அறையில் வன்தட்டு உள்ள ஒரு பெட்டி, மீன் ஏறும் விளிம்பையும் தளத்தையும் பார்க்கும் இரண்டு மூன்று கேமராக்கள், ஒரு ஜிபிஎஸ், தூண்டில் கயிற்றை இழுக்கும் விஞ்ச் பொறியை ஓட்டும் ஹைட்ராலிக் (எண்ணெய் அழுத்த) குழாயில் ஓர் அழுத்த உணரி. இவ்வளவுதான் சாமான். தூண்டிலை வாங்க, அதாவது கடலிலிருந்து இழுக்கத் தொடங்கியதும் எண்ணெய் அழுத்தம் ஏறும். அதைக் கண்டு பதிவு தானே தொடங்கும். தூண்டில் விடும்போது படகு வேகமாக ஓடும், வாங்கும்போது ஊர்ந்து போகும். ஆகவே படம் பார்க்காமலே, ஜிபிஎஸ் தடத்தையும் அழுத்தக் கோட்டையும் வைத்து எங்கே, எப்போது மீன்பிடித்தார்கள் என்று சொல்லிவிடலாம்.

கரையில் யாரும் எல்லாப் படத்தையும் பார்ப்பதில்லை. குலுக்கல் முறையில் 10 சதவீதத்தை எடுத்து, அதில் எண்ணிய மீனைக் கேப்டனின் குறிப்பேட்டோடு ஒப்பிடுவார்கள். பொருந்தினால் குறிப்பேடே கணக்கு. பொருந்தாவிட்டால் முழுப் படத்தையும் பார்ப்பார்கள், செலவு படகுக்காரர் தலையில். எந்தப் பத்துக்கு ஒன்று மாட்டும் என்று தெரியாததால் எல்லாவற்றையும் சரியாக எழுதுகிறார்கள். இத்திட்டத்தின் மூளை கேமராவில் இல்லை, இந்த ஏற்பாட்டில்தான் இருக்கிறது என்பேன்.

படத்தின் கனமும் சும்மா இல்லை. நொடிக்கு 1 மெகாபிட் என்று வைத்தாலும் ஒரு கேமரா மணிக்கு 450 எம்பி தரும். மூன்று கேமரா, நாளுக்கு 12 மணி, 10 நாள்: 162 ஜிபி. இதைச் செயற்கைக்கோள் வழியே அனுப்புவது நெடுங்காலம் கட்டுபடியாகாத செலவாக இருந்தது. வன்தட்டைக் கழற்றிக் கையில்தான் கொடுத்தார்கள்.

செயற்கை நுண்ணறிவு முதலில் உதவுவது இந்த மலையைக் குறைப்பதில். வெறும் தூண்டில் ஏறும் நேரத்தைத் தள்ளிவிட்டு, மீன் வரும் இடங்களை மட்டும் கரையில் படத்தைச் சரிபார்ப்பவருக்குக் காட்டும். அதற்குமேல் எண்ணுவது கடினம். கொக்கியில் துள்ளும் மீன் ஒருவர் முதுகுக்குப் பின்னால் மறைந்து மீண்டும் தெரிந்தால், நிரல் அதை இரண்டாகக் கணக்கிடும். இனம் பிரிப்பது இன்னும் கடினம்: சின்ன வயதில் மஞ்சள்துடுப்புச் சூரையும் பெருங்கண் சூரையும் மனிதக் கண்ணையே ஏமாற்றும்.

2016 இறுதியில் நேச்சர் கன்சர்வன்சி என்ற இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு, நிரலாளர்கள் போட்டியிடும் காகிள் இணையதளத்தில் 1,50,000 டாலர் பரிசுடன் நடத்திய போட்டி நல்ல பாடம். சூரைப் படகுப் படங்களை 8 வகையாகப் பிரிக்கவேண்டும். முதல் சுற்றில் வெளுத்துக்கட்டிய பல நிரல்கள், புதிய படகுகளின் படங்கள் வந்த இரண்டாம் சுற்றில் சறுக்கின. மீனை விட்டுவிட்டுப் படகின் தளத்தை அவை மனப்பாடம் செய்திருந்தன. எனவே மீனை மட்டும் வெட்டியெடுத்துப் பயிற்றுவதும், பயிற்சியில் காட்டாத படகில் சோதிப்பதும் கட்டாயம்.

தூண்டிலில் தவறிச் சிக்கும் ஆமை, அல்பட்ராஸ் என்ற கடற்பறவை போன்ற அரிய உயிர்களுக்கு அளவுகோலே வேறு. பயிற்சிக்குப் படம் கொஞ்சம்தான் கிடைக்கும். ஆகவே நிரலின் நம்பிக்கை வரம்பை, அதாவது எவ்வளவு உறுதியானால் எச்சரிக்கலாம் என்ற அளவைத் தாழ்த்தி, நூறு பொய் எச்சரிக்கை வந்தாலும் பரவாயில்லை என்று விடவேண்டும். அவற்றை மனிதர் தள்ளிவிடுவார், தவறவிட்ட ஒன்றை யாரும் தேடப்போவதில்லை.

இத்தனைக்கும் மேல், மீன் சளியும் உப்புத் துளியும் காய்ந்த கண்ணாடிக்கு எந்த நிரலாலும் வைத்தியம் இல்லை. ஒவ்வொரு முறை தூண்டில் வாங்குமுன்னும் நன்னீரில் நனைத்த துணியால் துடைக்கவேண்டும்.