லினக்ஸில் லேபிள் பிரிண்டர்: திருப்பி அனுப்புவதற்கு முன் ஒரு வேண்டுகோள்

இந்த மாதத்தில் மூன்றாவது முறையாக, ‘லினக்ஸில் ஓடாது’ என்று சொல்லி ஒரு லேபிள் பிரிண்டரை அட்டைப்பெட்டியோடு என் மேசையில் வைத்துவிட்டார்கள். கொண்டுவந்தவர் வேலூர் சத்துவாச்சாரியில் இரத்தப் பரிசோதனை லேப் நடத்துபவர். பார்கோடுக்குப் பதிலாக வெற்று லேபிள்களே வெளிவந்து ஒரு ரோல் முழுவதும் வீணாகியிருந்தது. அன்று முழுவதும் குழாய்களின் மேல் பெயரைப் பேனாவால் எழுதினார்கள் என்று கேட்டபோது எனக்குப் பதறியது.

டிரைவர் (கணினிக்கும் பிரிண்டருக்கும் நடுவே மொழிபெயர்க்கும் மென்பொருள்) இல்லாவிட்டால் பிரிண்டரே பயன்படாது என்ற எண்ணம்தான் இத்தனைக்கும் காரணம். பெரும்பாலான லேபிள் பிரிண்டர்கள் இசட்பிஎல், இபிஎல், டிஎஸ்பிஎல் போன்ற மொழிகளில் ஒன்றையாவது அறிந்தவை; அவை வெறும் எழுத்தால் ஆன கட்டளைகள். லேபிளின் அளவு, லேபிள்களுக்கு இடையிலான இடைவெளி, பார்கோடு எண், எத்தனை பிரதி என்று சில வரிகளை எழுதி அப்படியே அனுப்பினால், பார்கோடின் கோடுகளைப் பிரிண்டரே வரைந்துகொள்ளும். பிடிஎஃப் கோப்பை அச்சிடும்போதுதான் அதைப் புள்ளிகளாக மாற்றித்தர டிரைவர் வேண்டும். இந்த லேப்பில் கியூவை, அதாவது அச்சு வரிசையை, ‘ரா’ (வந்ததை மாற்றாமல் அப்படியே பிரிண்டருக்கு அனுப்புவது) என்று அமைத்துவிட்டு பிடிஎஃப் அனுப்பியிருக்கிறார்கள். பிரிண்டருக்கு அது புரியாத மொழி. இசட்பிஎல், இபிஎல் பிரிண்டர்களுக்கான டிரைவர், லினக்ஸில் அச்சு வேலையைக் கவனிக்கும் கப்ஸ் மென்பொருளுடனேயே வருகிறது. மற்றவற்றுக்கு நிறுவனம் தரும் டிரைவர் உங்கள் கணினியின் பிராசஸருக்கு உரியதா என்று பாருங்கள்; இன்டெல் கணினிக்கானது ‘ராஸ்பெரி பை’ என்ற சிறு கணினியில் ஓடாது.

தாளின் அளவை ஏ4 என்றே விட்டுவிடாதீர்கள். 203 டிபிஐ (அங்குலத்துக்கு 203 புள்ளிகள்) பிரிண்டரில் ஒரு மில்லிமீட்டருக்கு 8 புள்ளிகள். 50 மில்லிமீட்டர் லேபிளுக்கு 400 புள்ளிகள்தான். ‘பக்கத்துக்குப் பொருத்து’ என்பதைத் தேர்ந்தெடுத்தால் கோடுகள் சுருங்கி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். கண்ணுக்கு நன்றாகத் தெரியும் பார்கோடை ஸ்கேனர் படிக்காது. ஆம்பூர், வாணியம்பாடியிலிருந்து ஷூ பெட்டிகளுக்கு லேபிள் அடிப்பவர்களுக்கும் இதையே சொல்கிறேன்: முதல் லேபிளை ஸ்கேன் செய்து பார்க்காமல் இரண்டாவதை அடிக்காதீர்கள். ரோலை மாற்றினால் லேபிள் இடைவெளியைப் பிரிண்டரையே மறுபடி அளக்கச் செய்யுங்கள். அனுமதிப் பிழை வந்தால் பயனரை, பிரிண்டரைப் பயன்படுத்த அனுமதி தரும் ‘எல்பி’ குழுவில் சேர்த்துவிடுங்கள். ரூட்டாக (எல்லா அதிகாரமும் உள்ள நிர்வாகியாக) நுழைந்து அச்சிடுவது தீர்வாகாது. மை ரிப்பன் இல்லாமல் அச்சாகும் லேபிள்கள் சூட்டில் கருத்துப்போகும் என்பதால், நம் வேலூர் வெயிலில் ரோல்களை வண்டிக்குள் விட்டுவைக்காதீர்கள்.

வாங்குவதற்கு முன் பிரிண்டரின் மொழி என்ன என்று கடைக்காரரிடம் கேளுங்கள். ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள் என்றால், ஃபீட் பொத்தானை அழுத்திக்கொண்டே சுவிட்சைப் போடுங்கள். பல மாடல்களில் சோதனைத்தாள் ஒன்று வெளிவரும். தயவுசெய்து பெட்டியைக் கட்டாமல், அந்தத் தாளை மட்டும் எடுத்துக்கொண்டு வாருங்கள்.